நடக்காத சண்டைக்கு ஒரு டாங்கி

இந்த நாட்டில் ஐம்பது வயது வெள்ளைக்காரன் பின்னேரமானால் விளையாட்டுச் சாமான் ஒட்டுகிறான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். முதல் நாள் கண்டபோது நானும்தான் நம்பவில்லை. சவூதியின் கிழக்குக் கரையில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டுகிற கொம்பனி ஒன்றின் கேம்பில் நான் வேலை செய்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார எஞ்சினியர்மாரின் வீடுகள், தண்ணீர் ஊற்றி ஊற்றி வளர்க்கும் புல், அவர்கள் கூடுகிற பெரிய ஹோல் ஒன்று. இந்தப் பக்கம் எங்களுடைய பலகை அறைகள், அறைக்கு இரண்டு பேர். ஒருநாள் அந்த ஹோலின் ஜெனரேட்டர் நின்றுவிட்டதென்று வேர்க்‌ஷொப்பிலிருந்து என்னை அனுப்பினார்கள். வேலையை முடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், நாலைந்து பெரிய மனிதர்கள் மேசைக்கு மேல் குனிந்தபடி இருக்கிறார்கள். ஒருவர் கண்ணில் பூதக்கண்ணாடி. யாரும் மூச்சுக்கூட விடுவதாகத் தெரியவில்லை. யாருக்கும் காயம் கீயம் பட்டுவிட்டதோ என்று பயந்து கிட்டப் போனேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டாங்கி ஒன்றுக்குச் சில்லுப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்!

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் கோர்டன் என்ற எஞ்சினியர். செம்பட்டைத் தாடி, நல்ல மனுசன், ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க மாட்டார். "உங்கட பிள்ளைக்கா சேர்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். தனக்குப் பிள்ளை இல்லை என்றார். அப்படியானால் சகோதரியின் பிள்ளைக்கா என்றேன். அதுவும் இல்லை. தனக்குத்தான் என்றார். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மேசையின் ஓரத்தில் வைத்திருந்த இன்னொரு டாங்கியைக் காட்டி, இது உலகத்தில் இருந்ததே இல்லை, வாட் இஃப், என்றார். எனக்கு விளங்கவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினார். யுத்தம் இன்னும் இரண்டு வருடம் நீண்டிருந்தால், இன்ன நாட்டுக்காரன் இன்ன டாங்கியைச் செய்திருப்பான் என்று யோசித்து, வேறு வேறு பெட்டிகளில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து அதைச் செய்வதாம். பொய் சொல்லலாம், ஆனால் பொருந்தச் சொல்ல வேண்டும். ஏன் இந்தச் சில்லு, ஏன் இந்தத் துவக்கு என்று யாராவது கேட்டால் மறுமொழி இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

அறைக்கு வந்து இதை மரியதாசிடம் சொன்னேன். மரியதாஸ் எனது அறைக்காரன், வெல்டர், சொறிக்கல்முனைத் தமிழன், வேதக்காரன். நான் நிந்தவூர். கல்முனையில் பஸ் ஏறினால் எங்கள் இரண்டு பேருடைய வீடுகளும் அதிக தூரமில்லை, நடுவில் வயலும் ஆறும்தான். ஆனால் ஒருவரை ஒருவர் முதன்முதல் கண்டது இந்த மணல்காட்டில்தான். வந்த முதல் நாள், வெயிலில் கிடந்த பைப்பைத் திறந்துவிட்டு, "என்னகா இது, பச்சத் தண்ணி எண்டு தொறந்தா பிளேன்ரீ போடலாம் போல கிடக்கு!" என்று யாரோ கத்தினான். எங்கள் ஊர்ப்பக்கத்தில் மட்டும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற அந்தக் 'கா' என்ற ஒற்றை எழுத்தைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓடிப்போய், "நீ எவடம்?" என்றேன். கதைக்கக் கதைக்க, எங்கள் வாப்பாவின் டிராக்டரை நான் மாரிப் போகத்துக்கு உழக் கொண்டுபோன வயலின் அடுத்த வரம்பு இவனுடைய மாமாவுடையது என்று தெரிய வந்தது. அன்றிலிருந்து ஒரே அறை, ஒரே சட்டி. எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் அவன் என்னைக் காக்கா என்று கேலி செய்வான், காரியமாகக் கதைத்தால் மச்சான் என்பான். வழக்கமாக உலகத்தில் மறுபக்கமாகத்தான் இருக்கும்.

"கிழவனுகள் டாங்கி விளையாடுறானுகளா? விசர்தான்" என்றான் மரியதாஸ். அடுத்த நிமிசமே, "மிஞ்சின துண்ட என்ன செய்யிறானுகள்?" என்று கேட்டான். வெல்டர் புத்தி அது. மிஞ்சின இரும்பைக் கண்டால் கை சும்மா கிடக்காது.

அடுத்த கிழமை கோர்டனிடம் போய், மிஞ்சிய துண்டுகள் இருந்தால் தாருங்கள், நாங்களும் ஒன்று செய்யப் போகிறோம் என்றேன். அவர் உண்மையான அன்போடு, முதலில் ஒரு சின்ன ஆகாயவிமானம் செய்து பழகு, பெட்டியில் எழுதியிருக்கிறபடி செய், வாட் இஃப் என்பது கஷ்டம், அதற்குச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்றார். அந்த அன்புதான் எனக்குச் சுட்டது. எங்களுக்கு என்ன சரித்திரம் இல்லையா? எங்கள் கடலுக்கு மேலால் யப்பான்காரன் பறந்துபோய்த் திருகோணமலையில் குண்டு போட்ட கதையை எங்கள் ஊரில் வாயுள்ளவனெல்லாம் சொல்வான். அவன் குண்டு போட்டதோடு போகாமல் கல்முனைக் கரையில் இறங்கியிருந்தால்? அவனை மறிக்க இங்கிலீஷ்காரன் டாங்கி கொண்டு வந்திருப்பான். பெரிய டாங்கி எங்கள் மாரிக்கால வயலில் இறங்கினால் அவ்வளவுதான், அடுத்த போகத்துக்குத்தான் கிண்டி எடுக்கலாம். ஆகவே சின்னதாக, லேசாக, அகலச் சங்கிலியோடு, ஆற்றைக் கடக்கக்கூடியதாக ஒரு டாங்கியைக் கொழும்பில் உள்ள பட்டறையில் கிடைத்த துண்டுகளை வைத்தே ஒட்டியிருப்பான். இது பொருந்தாத பொய்யா? நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றுவிட்டேன். கோர்டன் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு பிஸ்கட் டின் நிறையத் துண்டுகளைத் தந்தார். மூன்று மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, ஹோலில் எல்லோருடைய வேலைகளையும் காட்சிக்கு வைப்பார்களாம். அதில் எங்களுக்கும் ஒரு இடம் தருவதாகச் சொன்னார்.

அந்த டின்னைக் கட்டிலில் கொட்டினோம். பல்லு வேறு மூக்கு வேறாகக் கிடந்தது. ஒரு ரஷ்ய டாங்கியின் சில்லுகள், வேறொன்றின் அடித்தட்டு, ஏதோ கவச காரின் மேல்கூடு, ஒடிந்த துவக்குக் குழாய் இரண்டு, ஒன்றுக்கொன்று பொருந்தாத சங்கிலித் துண்டுகள். பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகு, பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லும் வரைக்கும் அதுதான் எங்கள் வேலை. ஒல்லிச் சங்கிலிகள் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி ஒரு அகலச் சங்கிலியாக்கினேன். டிராக்டருக்கு வயலில் இரும்புச் சில்லுப் பூட்டுவோமே, அதை நினைத்து வயர்க் கம்பியை நறுக்கி, சங்கிலியின் வெளிப்பக்கம் சேற்றைக் கவ்வும் பற்கள் வைத்தேன். மோர் விற்கிற பிளாஸ்டிக் டப்பாவை வெட்டிப் பக்கத் தகடு ஆக்கினோம். இடைவெளிகளுக்கு வேர்க்‌ஷொப்பில் லொறி நெளிவுக்குப் பூசுகிற புட்டி. புகைக்குழாயை முதலில் பின்னால் கீழே வைத்தேன், பார்க்க அழகாக இருந்தது. மரியதாஸ் பார்த்துவிட்டு, "ஆத்துக்க எறங்கினா இது குடிச்சிட்டுச் சாகும் மச்சான்" என்றான். கழற்றி, பேனைக் குழாயில் மேல்நோக்கி ஒன்று வைத்தோம். சாயம் அடிக்கும்போது கறுப்பும் மண்ணிறமும் கலந்து, மழை பெய்த மறுநாள் எங்கள் வயல் இருக்கும் நிறத்தைப் பிடிக்க நாலு நாள் மினக்கெட்டோம். இந்த நாட்டில் சேறு என்ற ஒன்றையே காண முடியாது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அதை எப்படிக் காட்டுவாய்?

ஒரு பின்னேரம் கோர்டன் எங்கள் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். டாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லது, ஆனால் இதற்கு எதிரி யார் என்று கேட்டார். "சேறு" என்றான் மரியதாஸ், அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷில். கோர்டன் அன்றைக்குத்தான் முதல்முதல் வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் பகிடி விடவில்லை. அடுத்த கேள்வி, ஆட்கள் எங்கே என்றார். டாங்கிக்கு மேலே இரண்டு மூடி திறந்து கிடந்தது. அதில் ஆள் நிற்க வேண்டும், ஆள் நின்றால்தான் அது எவ்வளவு பெரியது, யாருடையது என்று பார்க்கிறவனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேதான் எனக்கு முட்டியது. டாங்கி செய்யலாம், கப்பல் செய்யலாம். ஆள் செய்ய எனக்கு ஏலாது. உருவம் செய்கிறவனிடம் மறுமையில், நீ செய்ததற்கு உயிர் கொடு என்று கேட்பார்கள் என்றுதான் எங்களை ஓதிக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். மரியதாசிடம் அதைச் சொன்னேன். "கேட்டா எண்ட பேரச் சொல்லு, நான் வந்து பதில் குடுக்கிறன்" என்றான். அவன் கை உருவத்துக்குப் பிறந்த கை. ஊரில் இயேசு பிறந்த நத்தாருக்குக் கோவிலில் பாலன் குடில் வைத்தால், வயல் களியில் மாட்டையும் இடையனையும் செய்வது இவன்தானாம். இங்கே அதெல்லாம் வெளியில் வைக்க முடியாது. டாங்கி தொடங்குவதற்கு முந்தின நத்தாருக்குத் தனது பெட்டிக்குள், துணிக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு குடில் செய்து வைத்திருந்தான். தற்செயலாகக் கண்டுவிட்டேன். பெட்டி மூடியை மெதுவாக மூடிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியில் போய் நின்றேன், யாரும் வராமல் பார்க்க.

டின்னில் அரை ஆட்கள் இரண்டு பேர் கிடந்தார்கள், இடுப்புக்கு மேல் மட்டும், ஒரே அச்சில் வார்த்த ஒரே மாதிரி உடம்பு, ஒரே மாதிரித் தோல் தொப்பி. மரியதாஸ் ஊசியும் புட்டியும் வைத்து முகம் பிடிக்கத் தொடங்கினான். "டேய், கண்ணு மூக்கு இல்லாட்டிப் பரவாயில்லயா?" என்று ஒருநாள் கேட்டான். முகம் இல்லாவிட்டால் அது உருவக் கணக்கில் வராது என்று எங்கள் மௌலவி சொல்லுவார் என்றேன். "மூஞ்சி இல்லாம என்ன மனுசன், சும்மா கிட" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். முடித்ததும் நகத்தில் நிறுத்திக் காட்டினான். அல்லாஹ்வே! ஒன்றுக்கு எனது தாடி, எனது முட்டைக் கண். மற்றதற்கு அவனுடைய மீசை, அவனுடைய சப்பை மூக்கு. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துவிட்டது. "புது வாகனம் காக்கா, பாத்திஹா ஓதல்லயா?" என்றான். ஊரில் புது டிராக்டர் எடுத்தால் ஓதி இனிப்புக் கொடுப்போம், இங்கே அது மார்க்கத்துக்கு மாறு, அப்படிச் செய்தால் பக்கத்து அறைக்காரனே பிடித்துக் கொடுப்பான். ஒரு டொஃபியை இரண்டாகக் கடித்துத் தின்றோம். ஆட்களை மூடிகளில் ஒட்டவில்லை, சாயம் காயட்டும் என்று டாங்கிக்குப் பக்கத்தில் சுவர்த் தட்டில் வைத்தோம்.

அந்தக் கிழமைதான் ஊர்ச் செய்தி வந்தது. எண்பத்தைந்தாம் வருடம், நோன்புக்கு முந்தி. ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள்தான் அதற்குள் கிடந்தீர்கள். இங்கே முதலில் ரேடியோவில் ஒரு வரி வந்தது, தமிழரும் முஸ்லிம்களும் கலவரம் என்று. பிறகு ஊரிலிருந்து திரும்பி வந்த ஒருவர் கையில் எனது மனைவி ஹைறுன் அனுப்பிய கசட் வந்தது. எங்கள் குடும்பத்தில் கடிதம் எழுதுவதில்லை, கசட்டில்தான் கதைத்து அனுப்புவார்கள். வழக்கமாகப் பிள்ளைகளின் சத்தமும் கோழிச் சத்தமும் கேட்கும். இந்த முறை அவளுடைய மூச்சு மட்டும்தான் முதலில் கேட்டது. அவளுடைய கூடப்பிறந்தவன், எனது மச்சானுடைய கடையை எரித்துப் போட்டார்களாம். வாப்பா வயலுக்குப் போகவே இல்லையாம், அந்தப் பக்கம் போகப் பயமாம், தண்ணி பாய்ச்ச ஆளில்லாமல் பயிர் கிடக்கிறதாம். "அங்க எல்லாரும் ஒண்டாத்தானே இரிக்கிற, கவனம்" என்று முடித்திருந்தாள். அடுத்த நாள் மரியதாசுக்கும் ஒரு கசட் வந்தது. அவன் அதைக் காதில் வயர் மாட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கேட்டான். நான் கேட்காமலே எனக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிய வந்தது. அவனுடைய தங்கச்சியின் வீடு போய்விட்டது, பிள்ளைகளோடு கோவிலில் படுக்கிறார்கள்.

எரித்தது நானில்லை, அவனுமில்லை. ஆனால் அன்று பின்னேரம் அறைக்குள் வந்தால், எங்கள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் மரியதாஸ் தான் உடுக்கிற சாரத்தைத் திரைபோலக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தான். தட்டில் டாங்கி இருந்தது, ஆட்கள் இரண்டு பேரையும் காணவில்லை. அவற்றை எடுத்துத் தனது டின்னுக்குள் போட்டுவிட்டான். ஒரு சட்டி இரண்டு சட்டியானது. எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மச்சானின் கடை கண்ணுக்குள் நின்றது. சாரத்துக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால்கூட எனக்கு எரிந்தது. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இந்தச் சங்கதி எங்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிட்டது. சாய்ந்தமருதைச் சேர்ந்த சஹீது காக்கா கேம்பில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களில் மூத்தவர், மெஸ்சில் சமையல். என்னைக் கூப்பிட்டு, "அவனோட எப்பிடிடா ஒரே சுவருக்குள்ள படுக்கிற? எங்கட பக்கத்துல கட்டில் ஒண்டு காலி. வந்திரு மனே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய தம்பி மகன் அடிபட்டுக் கிடந்தான். மரியதாசையும் அவனுடைய ஆட்கள் இப்படித்தான் இழுத்தார்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அறை மாற்றங்களைச் செய்கிற நாள், அன்றைக்கு யார் மாறுவதென்று ஃபோர்மனிடம் சொன்னால் போதும். காட்சி அதற்கு முந்தின வெள்ளி. எனக்கு அப்போது ஒன்றுதான் தெரிந்தது: அவன் அந்த அறையை விட்டுப் போனால் பிறகு ஊரில் வரம்பில் கண்டால்கூட நாங்கள் கதைக்க மாட்டோம். நானும் போகக் கூடாது, அவனையும் போக விடக் கூடாது. ஆனால் அதை எப்படிச் சொல்வது?

ஆகவே நான் டாங்கியைச் செய்தேன். ஊர் எரியும்போது உனக்கு விளையாட்டா என்று யாரோ கேட்டார்கள். ஓம், விளையாட்டுத்தான். ஊரில் எங்கள் தெருவிலே உண்மையான கவச வண்டிகள் ஓடுகின்றன, அதை யாராவது என்னிடம் கேட்டுவிட்டா ஓட்டுகிறான்? எனக்குக் கை எட்டுகிற வேலை இது ஒன்றுதான். இதையும் பாதியில் விட்டால், கடையை எரித்தவனும் வீட்டை எரித்தவனும் கடல் தாண்டி வந்து எங்கள் அறையையும் எரித்ததாகத்தான் ஆகும். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். மீதிச் சங்கிலியை ஒட்டினேன். துவக்குக் குழாயை நேராக்கினேன். சில்லுகளுக்கிடையில் சேறு அப்பினேன், அரிவாளால் வெட்டியதுபோல் தூரிகை மயிரை நறுக்கி வைக்கோல் துணுக்கு ஒட்டினேன். எல்லாம் முடிந்தது, இரண்டு மூடி மட்டும் வாயைத் திறந்தபடி வெறுமையாக இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் சாரத்தைப் பார்த்துச் சொன்னேன், "நாளைக்கு ஜும்மா முடிஞ்சு டாங்கிய ஹோலுக்குக் கொண்டு போறன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி." அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. அவ்வளவுதான்.

வெள்ளி ஜும்மா முடிந்து வந்தேன். தட்டில் டாங்கி இல்லை. சாரத்தை விலக்கினால் மரியதாசின் கட்டிலில் விரிப்பு இல்லை, பெட்டி பூட்டிக் கயிறு கட்டி வைத்திருந்தது. போகிற கோபத்தில் உடைத்துவிட்டான் என்றே நினைத்தேன். குப்பை வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன், கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்படியே வேலியைச் சுற்றி ஹோலுக்கு ஓடினேன், தொழுத தொப்பியோடு, வெறுங்காலில். சுட்ட மணல் காலை வறுத்தது, அது பிறகுதான் தெரிந்தது.

ஹோலில் கடைசி மேசையில், ஜன்னல் ஓரத்தில், டாங்கி இருந்தது. பக்கத்தில் மரியதாஸ், பெருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு காவல்காரன்போல நின்றான். மூடிகளில் ஆட்கள் நின்றார்கள். குனிந்து பார்த்தேன். தாடி இல்லை. மீசை இல்லை. கண்ணும் மூக்கும் வாயும் இல்லை. இரண்டு முகத்தையும் அரத்தால் உரசி, முட்டைபோல் மழமழவென்று ஆக்கி, மண்ணிறம் பூசியிருந்தான்.

"என்னடா செஞ்ச?" என்றேன்.

"நீதானே சொன்ன, மூஞ்சி இல்லாட்டி உனக்கு மறுமையில கரைச்சல் இல்லெண்டு." மூடியில் நின்ற ஒரு ஆளை நிமிர்த்தி வைத்தான். "எனக்கும் மச்சான், அந்த ரெண்டு மூஞ்சியையும் பாக்க ஏலாம இருந்திச்சு. உண்டயப் பாத்தா உங்கட ஆக்கள் நெனப்பு வருது, எண்டயப் பாத்தா எங்கட ஆக்கள் நெனப்பு வருது."

கோர்டனும் இன்னும் இரண்டு பேரும் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் டாங்கியிடம் நெடுநேரம் நின்றார்கள். சங்கிலிப் பற்களைத் தொட்டுக் கேட்டார்கள், புகைக்குழாயைக் கேட்டார்கள், நிறத்தைக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னோம், ஒருவன் திக்கினால் மற்றவன் எடுத்துக் கொடுத்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நாங்கள் தொடர்ந்து கதைத்தோம், அதுவும் இங்கிலீஷில்! கடைசியாகக் கோர்டன் ஆட்களைக் காட்டி, இது அரைகுறை, முகத்துக்குச் சாயம் அடிக்க நேரம் போதவில்லையா, அடுத்த முறை முடித்துக் கொண்டு வாருங்கள் என்றார். நான் விளங்கப்படுத்த வாயெடுத்தேன். எங்கே தொடங்குவது? மார்க்கத்திலிருந்தா, மச்சானின் கடையிலிருந்தா, கோவிலில் படுக்கிற பிள்ளைகளிலிருந்தா? "ஃபினிஷ்ட், சேர்" என்றேன். "ஃபினிஷ்ட்" என்றான் மரியதாஸும். கோர்டன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். பரிசு பறக்காத ஒரு விமானத்துக்குப் போனது. போகட்டும். நான் மேசைக்காகத்தான் பிடிவாதம் பிடித்தேன், கோப்பைக்காக இல்லை.

திரும்பி வரும்போது அவன்தான் டாங்கியைத் தூக்கி வந்தான், நான் கால் நொந்து தத்தித் தத்தி நடந்தேன். அறையில் அவனுடைய பெட்டி கயிற்றோடு நின்றது. "நாளைக்குப் போறயா?" என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கு அழுகை முட்டியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவன் டாங்கியைத் தட்டில் வைத்தான், நேராக இருக்கிறதா என்று பார்த்தான், பிறகு கயிற்றில் தொங்கிய சாரத்தை உருவினான். "இத விட்டா எனக்கு வேற சாரம் இல்ல. உடுத்துக்கிட்டு எங்க போற?" என்றான். சனிக்கிழமை ஃபோர்மன் வந்து யார் மாறுகிறீர்கள் என்று கேட்டான். இரண்டு பேரும் ஒருவரும் இல்லை என்றோம். சஹீது காக்கா ஒரு மாதம் எனக்கு மட்டும் கறியில் குழம்பைக் குறைத்து ஊற்றினார். பிறகு அவருக்கும் ஆறிவிட்டது.

இப்போது இரண்டு வருடமாகிறது. டாங்கி இன்னும் அதே தட்டில்தான் இருக்கிறது, கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே. தூசி தட்டுவது அவன் முறை ஒரு கிழமை, என் முறை ஒரு கிழமை. சங்கிலியில் அப்பிய சேறு மட்டும் இந்த நாட்டு வறட்சியில் வெடித்து உதிர்கிறது. எனக்கு லீவு வந்திருக்கிறது, நாளை மறுநாள் பயணம். பெட்டி கட்டியாகிவிட்டது: ஹைறுனுக்குத் துணி, வாப்பாவுக்குப் போர்வை, பிள்ளைகளுக்குப் பொம்மைக் கார். டாங்கியையும் கொண்டுபோய் வாப்பாவிடம் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. சங்கிலிப் பற்களைப் பார்த்தால் அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மரியதாஸ் கேட்டுவிட்டு, "கட்டுநாயக்கா ஏர்போட்டுல பெட்டியத் தொறந்தா டாங்கி! காக்கா, நீ ஊருக்குப் போகமாட்ட, வேற எடத்துக்குத்தான் போவ" என்றான். சரிதான். இந்தக் காலத்தில் கிழக்கு மாகாண அடையாள அட்டையோடு ஒருவன் டாங்கி கொண்டுபோனால், அது விளையாட்டுச் சாமான் என்று யார் நம்புவான்?

அவனுக்கும் லீவு இருக்கிறது. அவன் போகவில்லை. தங்கச்சியின் குடும்பம் மட்டக்களப்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கிறது, வீடு இருந்த இடத்தில் காடு பற்றிவிட்டதாம். பாதையில் எத்தனை இடத்தில் இறக்கி நிற்பாட்டுவார்கள் என்று அவனுக்குப் பயம். "எந்த வீட்டுக்குப் போற?" என்று கேட்டுவிட்டு வேறு கதை கதைப்பான்.

இன்று பின்னேரம் டாங்கியைக் கையில் எடுத்தேன். மூடிகளில் நிற்கிற ஆட்களை அவன் கடைசிவரை ஒட்டவில்லை, அழுத்தித்தான் வைத்திருக்கிறான். இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்தேன். ஒன்றையாவது கொண்டுபோகலாம், சட்டைப்பையில் ஒரு பொத்தான்போல் கிடக்கும், எந்தக் காவல்காரனும் கண்டுகொள்ள மாட்டான். ஒரே உடம்பு, ஒரே தொப்பி, மழமழவென்ற ஒரே முகம். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். செய்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்று அவனிடம் நீட்டினேன்.

"இதுல எது நான்?"

மரியதாஸ் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தாடி இருந்த இடத்தைத் தேடினான், மீசை இருந்த இடத்தைத் தேடினான். பிறகு ஒன்றை என் கையில் வைத்து விரல்களை மூடினான்.

"தெரியல்லகா. ரெண்டுல ஒண்டு ஊருக்குப் போகட்டும்" என்றான்.

அது இப்போது எனது சட்டைப்பையில் இருக்கிறது. மற்றதை அவன் மூடியில் திருப்பி வைத்து, கடல் பக்கம் பார்க்க நிறுத்திவிட்டான். பக்கத்து மூடி வெறுமையாக இருக்கிறது. நாளை மறுநாள் கட்டுநாயக்காவில் இறங்கி, பஸ் ஏறி, கல்முனை தாண்டி எங்கள் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது, ஊருக்கு வந்திருப்பது நானா அவனா என்று எனக்குத் தெரியாது.